சர்க்கார் அச்சாரம்

தில்லிக்காரரும் வெளிநாட்டுக்காரர்களும் எங்கள் கொல்லையைப் பார்க்க வரவில்லை. முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னவோ எங்கள் மரவள்ளியின் பெருமை கடல் தாண்டிப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். அவர்கள் வந்தது கரியாலூர் அருவியில் கால் நனைக்க. சென்னையில் ஏதோ பெரிய கூட்டமாம். உலகத்துப் பணமெல்லாம் ஆட்டம் காணாமல் இருக்க சர்க்கார்கள் என்ன செய்ய வேண்டும், நாட்டுக்கு நாடு சரக்கு தடையில்லாமல் போய்வர என்ன வழி என்று நாள் கணக்கில் உட்கார்ந்து பேசினார்களாம். பேசிக் களைத்தவர்களை மலைக்குக் கூட்டிப் போகிற வழியில், ஒரு விவசாயியையும் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ள ஒரு கொல்லை வேண்டியிருந்தது. கல்வராயன் மலைக்கு ஏறுகிற ரோட்டோரத்தில் கார் நிறுத்த இடம் உள்ள கொல்லை எங்களுடையது ஒன்றுதான்.

எங்களுடையது என்று சொல்வதும் வாய்ப்பழக்கம். நிலம் கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வெற்றிவேலுடையது. நாங்கள் குத்தகைக்காரர்கள். நான் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து நானும் என் வீட்டுக்காரர் சுப்புராயனும் அந்த இரண்டு ஏக்கரில்தான் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தோம். தில்லிக்காரர் வந்த வருஷம் வெற்றிவேல் கடையில் வைத்தே கறாராகச் சொல்லிவிட்டார்.

"தை பொறந்தா குத்தகை வந்துடணும் சுப்புராயா. வரலன்னா பிளாட் போட்டுடுவேன். ஆளு கேட்டுக்கினே கீறாங்க. அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது."

கிழங்கு நல்லபடியாக விற்றால் நிலம் எங்கள் கையில் நிற்கும், விற்காவிட்டால் போய்விடும். எங்கள் பிழைப்பு மொத்தமும் அந்த மண்ணுக்குள் கிடந்த கிழங்கில் இருந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் காலை பிரவீன்குமார் வந்தார். வேளாண்மைத் துறையில் வேலை. எங்கள் ஊர்ப் பக்கம் வருஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்ப்பார், அதுவும் வண்டியை விட்டு இறங்காமல். அன்றைக்கு இறங்கினார். வேலியில் இருந்த முள்ளையெல்லாம் வெட்டச் சொன்னார், என்னை நல்ல புடவை கட்டச் சொன்னார், என் வீட்டுக்காரரைச் சட்டை போடச் சொன்னார். இரண்டு கம்பு நட்டு ஒரு பேனர் கட்டினார்கள். ‘நிலையான உலக நிதி, திறந்த வர்த்தகம்: அரசின் கடமை’ என்று எழுதியிருந்தது. அது கட்டுவதற்காக நாலு செடியை மிதித்துத் துவம்சம் செய்தார்கள்.

"ஏன் சார், இது எங்க கொல்லிக்கா, இல்ல பேங்குக்கா?" என்று கேட்டேன்.

"யக்கா, நீங்க கம்முனு இருங்க. பெரிய ஆளுங்க வராங்க. கேட்டா மட்டும் பேசுங்க" என்றார் பிரவீன்குமார்.

என் பெயர் செந்தமிழ்ச்செல்வி. பெயரில் இருக்கிற இனிமை நாக்கில் கிடையாது என்று என் மாமியார் செத்துப்போகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். கம்மென்று இரு என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பேச்சு ஊறும்.

பதினோரு மணி வாக்கில் வரிசையாகக் கார்கள் வந்தன. தில்லி அதிகாரி ஒருவர், கூட மூன்று வெளிநாட்டுக்காரர்கள், அவர்களுக்குக் குடை பிடிக்க ஆறு பேர். தில்லி அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சிரித்த முகம். எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நீளமாகப் பேசினார். பிரவீன்குமார் தமிழில் சொன்னார்.

"எல்லா நாடும் கதவத் தொறந்து வச்சிக்கினா சரக்கு தடையில்லாம போவும் வரும். எங்கயும் திடீர்னு பஞ்சம் வராது, திடீர்னு வெலை விழாது. ஒலகம் ஆட்டம் காணாம நிக்கும். அத நிக்க வைக்கறதுதான் சர்க்காரோட வேலைன்னு அய்யா சொல்றாரு."

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அவர் காதில் விழுந்தது ஒன்றுதான், விலை விழாது.

எனக்கு அடக்க முடியவில்லை. "கதவு தொறந்தா போறதும் உண்டு, வர்றதும் உண்டு இல்லிங்களா? எங்க கெழங்கு அங்க போவுதா, எவன் வூட்டு மாவோ இங்க வருதா? அதக் கேட்டுச் சொல்லுங்க சார்" என்றேன்.

பிரவீன்குமார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னார். வெளிநாட்டு அம்மா ஒருத்தி என்னைப் பார்த்துக் கையைத் தட்டினாள். நான் கேட்டதற்கு எவளாவது கை தட்டுவாளா? அவர் என்ன சொல்லித் தொலைத்தாரோ.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் குடியைக் கெடுத்தது. அது உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மரவள்ளியை நாங்கள் மண்ணுக்குள் இருக்கும்போதே விற்றுவிடுவோம். வாங்குகிறவன் கொல்லைக்குள் இறங்கித் தன் கையாலேயே ஒரு செடியைப் பிடுங்குவான். கிழங்கின் பருமனைப் பார்ப்பான், ஒடித்து வாயில் போட்டு மெல்லுவான். திருப்தி என்றால் கொல்லைக்காரன் கையில் ஒரு தொகையை வைப்பான், பிடுங்கின செடியின் கிழங்கை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவான். அதுதான் அச்சாரம். ஒரு காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. அதன்பிறகு அந்தக் கொல்லை அவனுடையது. இன்னொருத்தன் கூடுதலாகத் தருகிறேன் என்றாலும் நாங்கள் கொடுக்க மாட்டோம். சந்தையில் விலை விழுந்தாலும் அவன் வாங்காமல் போக மாட்டான். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் ஜனங்கள் பேச்சு மாறி நான் பார்த்ததில்லை.

போட்டோக்காரன் ஏதோ சொல்ல, தில்லி அதிகாரி கொல்லைக்குள் இறங்கினார். ஓரத்தில் இருந்த ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். முதல் நாள் மழை பெய்து மண் இளகியிருந்ததால் தொடை தடிமனுக்கு ஐந்தாறு கிழங்கு கொத்தாக மேலே வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு கிழங்கை ஒடித்து, வெளிநாட்டுக்காரர் ஒருவர் முனையைக் கடித்துக்கூடப் பார்த்தார். அதிகாரிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பாக்கெட்டிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் வைத்து மூடினார். கிழங்கைக் காரில் ஏற்றினார்கள்.

என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காருக்குப் பின்னாலேயே ஓடி, "எப்ப வண்டி அனுப்புவீங்க சார்?" என்று பிரவீன்குமாரிடம் கேட்டார்.

"அனுப்புவாங்க, அனுப்புவாங்க. தள்ளுங்க, வண்டி திரும்பட்டும்" என்றார் அவர்.

போய்விட்டார்கள். பேனரைக்கூட அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவர் நோட்டை சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். "செல்வி, சர்க்கார் நம்ம கொல்லிய எடுத்துக்கிச்சி" என்றார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். மனுஷன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"யோவ், அது அச்சாரம் இல்லய்யா. சந்தோஷமாயிட்டாரு, குடுத்தாரு. இனாம்."

"இனாமா? என் கொல்லில நின்னுக்கினு, எனக்கு இனாமா? நான் இன்னா கோயில் வாசல்ல துண்டு விரிச்சிக் குந்திக்கினு கீறனா?"

"வெலை பேசினாரா? டன்னுக்கு எவ்ளோன்னு ஒரு வார்த்த வந்துதா?"

"சர்க்காரு வெலை சர்க்காரு போடும். வெலை விழாதுன்னு சொல்லலியா உங்காதுல? செடிய அவங்களே புடுங்கினாங்க, தின்னு பாத்தாங்க, காசு வச்சாங்க, கெழங்க எடுத்தாங்க. இன்னும் இன்னாடி வேணும்?"

அவர் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. வரிசை பிசகாமல் எல்லாம் நடந்துதான் இருந்தது. அதுதான் கொடுமை. அந்த தில்லிக்காரர் ஒரு வேலையைக் குறைத்துச் செய்திருந்தால்கூட நான் என் வீட்டுக்காரரை வழிக்குக் கொண்டுவந்திருப்பேன்.

ஐப்பசி பிறந்ததும் சின்னதுரை வந்தான். ஜவ்வரிசி மில்லுக்குக் கிழங்கு பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்ட். வருஷா வருஷம் எங்கள் கொல்லையை அவன்தான் வாங்குவான். வந்ததும் வராததுமாக வரப்பில் உட்கார்ந்து தலையில் கை வைத்தான்.

"வெலை படுத்துடுச்சிக்கா. கப்பல்ல மாவு வந்து எறங்கிக்கினே கீது. நம்ம கெழங்க வாங்கி, கழுவி, அரைச்சி மாவாக்கறதவிட அந்த மாவே கம்மி வெலைக்கி வருது. மில்லுக்காரன் இன்னா பண்ணுவான்? போன வருசத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல தரேன். இப்ப வெட்டினா உண்டு. பத்து நாளு போனா அதுவும் இல்ல."

பாதிதான். ஆனாலும் குத்தகையைக் கட்டிவிடலாம். வயிற்றுப்பாட்டுக்குக் கூலிக்குப் போய்க்கொள்ளலாம். நிலம் நிற்கும். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "கொல்லி பேசியாச்சி சின்னதுரை. அச்சாரம் வாங்கிட்டேன்."

"யாருகிட்ட?"

"சர்க்காருகிட்ட."

நடந்ததை எல்லாம் சொன்னார். சின்னதுரை சிரிக்கவில்லை. எழுந்து போய், செடி பிடுங்கின இடத்தைப் பார்த்தான். நான் அவன் பின்னாலேயே போய்க் கெஞ்சினேன்.

"தம்பி, அவுருதான் புத்தி கெட்டுப் பேசறாரு. உனக்குத் தெரியாதா? அது போட்டோவுக்குப் புடுங்கினது. நீ ஆளக் கூட்டியாந்து வெட்டிக்கினு போ. நான் பாத்துக்கறேன்."

"எனக்குத் தெரியுதுக்கா. அது ஒண்ணும் அச்சாரம் இல்ல. ஆனா கொல்லிக்காரன் வாயால பேசியாச்சின்னு சொல்ட்டாரே. பேசின கொல்லில நான் எறங்கினா நாளைக்கு எவன் எனக்கு செடி புடுங்கக் காட்டுவான்? அவுரே வந்து, அச்சாரம் முறிஞ்சிப் போச்சின்னு சொல்லணும். சொன்னா அடுத்த நிமிசம் லாரி வரும்."

ஒரு வார்த்தை. முறிந்துபோயிற்று என்ற ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வைக்க நான் படாத பாடில்லை. திட்டினேன், அழுதேன், சோறு ஆக்காமல் படுத்தேன். "குடுத்தவங்க வந்து முறிக்கணும், வாங்கினவன் முறிக்கக் கூடாது" என்று ஒரே பிடியாக நின்றார். முறிந்துவிட்டது என்று அவர் சொன்னால் அந்த ஐந்நூறு ரூபாய் பிச்சையாகிவிடும். நிலம் போகும் என்ற பயம் அவருக்கும் இருந்தது. ஆனால் சொந்தக் கொல்லையில் நின்று ஊரார் பார்க்கப் பிச்சை வாங்கினவன் என்று ஆவது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. குடித்துவிட்டு உதைக்கிற புருஷன் என்றால்கூட திருப்பி நாலு கேட்டுவிடலாம். யோக்கியனை என்ன செய்வது?

கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். "சரி, சர்க்காரு கொல்லின்னே வச்சிக்குவோம். வண்டி வரல. போயி கேப்போம், வா." கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறை சொல்கிற நாளுக்குப் போனோம். நோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கூட்டத்தில் ஒருவன் ஏரி தூர்ந்ததைச் சொன்னான், ஒருவன் கரும்பு வெட்ட ஆள் வரவில்லை என்றான். எங்கள் முறை வந்ததும் என் வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்தார்.

"அய்யா, நீங்க அச்சாரம் குடுத்த கொல்லி, கெழங்கு முத்திக்கினு வருது. எப்ப வந்து வெட்டிக்கினு போவீங்க?"

மேடையில் இருந்த அதிகாரிகளுக்குப் புரியவில்லை. முழுக்கதையும் சொன்னார். தில்லிக்காரர் செடி பிடுங்கினது, வெளிநாட்டுக்காரர் கடித்துப் பார்த்தது, எல்லாம். பாதியிலேயே முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு மொத்தக் கூடமும் சிரித்தது. விவசாயிகளும் சேர்ந்துதான் சிரித்தார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. அச்சாரம் என்றால் என்னவென்று தெரிந்த பாவிகள்.

ஓர் இளவயது அதிகாரி மட்டும் சிரிக்காமல் பொறுமையாகப் பதில் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது.

"பெரியவரே, அரசாங்கம் கொள்முதல் பண்ற பொருள்ல மரவள்ளி இல்லீங்க. வெளிநாட்டோட ஒப்பந்தம் போட்டா அவங்க சரக்கையும் நாம உள்ள விட்டாகணும். திடீர்னு கதவைச் சாத்தினா அவங்களும் நமக்குச் சாத்துவாங்க. சந்தையைத் திறந்து வைக்கிறது அரசாங்கத்தோட வேலை. அதுல விக்கிறது உங்க வேலை."

"அப்ப அந்தக் காசு?"

"அது... அவரு ஆசையா குடுத்த டிப்ஸ் மாதிரிங்க. வச்சுக்கோங்க, பரவாயில்ல."

என் வீட்டுக்காரர் மைக்கை வைத்தார். நேராக மேடைக்குப் போய் நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நாங்கள் படிக்கட்டு இறங்குவதற்குள் பியூன் ஓடி வந்தார்.

"அய்யா, இத எடுத்துக்கினு போங்க. எந்தக் கணக்குல வரவு வைக்கறதுன்னு அங்க ஒரே கொயப்பமா கீது. எங்களால வாங்க முடியாதுங்க" என்று நோட்டை என் கையில் திணித்தார்.

பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கிடையாது, பொம்பளைகளுக்கு இலவசம். அவருக்கு எடுக்க வேண்டும். என்னிடம் வேறு காசில்லை. அந்த நோட்டைத்தான் நீட்டினேன். கண்டக்டர் சில்லறை கேட்டுக் கத்தியபோது என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊர் நெருங்கும்போது கண்ணாடியில் தூறல் விழுந்தது.

"சின்னதுரைக்கு போன் போடு. முறிஞ்சிப் போச்சின்னு சொல்லு" என்றார்.

பஸ்ஸிலிருந்தே போட்டு, அதை அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். மறுநாள் காலை லாரியோடு வருகிறேன் என்றான் சின்னதுரை. நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன். சொன்னபடி அவன் வந்தான், ஆட்களோடு வந்தான். அதற்குள் தூறல் பெருமழையாகிவிட்டது. லாரி ரோட்டை விட்டு இறங்க முடியவில்லை. கொல்லைக்குள் கால் வைத்தால் முழங்கால் வரை புதைந்தது. டீ குடித்துவிட்டு, மழை விட்டதும் வருவதாகச் சொல்லிப் போனான். புயல் என்று டிவியில் சொன்னது அதற்கு அப்புறம்தான். மலையில் பெய்த தண்ணீரெல்லாம் ஓடையை உடைத்துக்கொண்டு எங்கள் கொல்லைக்கு வந்தது. செடிகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. வடிந்தபோது கொல்லையே நாறியது. இரண்டு பேருமாக ஒவ்வொரு செடியாகப் பிடுங்கிப் பார்த்தோம். கிழங்கு கையோடு கொழகொழவென்று வந்தது. அடுத்த நடவுக்கு வெட்டி வைக்கலாம் என்றால் குச்சியும் அழுகியிருந்தது. மாடு முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

வாய்தான் எனக்கு ஜாஸ்தி, உங்களுக்குத் தெரியும். அன்று அவரை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் சேற்றில் நின்றேன். அவர் ஒரு அழுகின கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் வாங்கியிருக்கக் கூடாது செல்வி" என்றார். கேட்க நினைத்ததை விட்டுவிட்டு, அந்தக் கிழங்கை அவர் கையிலிருந்து வாங்கி எறிந்தேன். கதவைத் திறந்து வைத்தவர்கள் யாருக்கும் தூக்கம் கெட்டிருக்காது. இந்த மனுஷன் மட்டும் வாங்கினதற்கு வருத்தப்பட்டுக்கொண்டு நிற்கிறார்.

தை பிறந்தது. வெற்றிவேல் மனைக்கல் நட்டார். நல்லவர்தான், பேனாவால் காகிதத்தில் மனை போட்டுக் காட்டி, "நீயே ஒண்ணு எடுத்துக்கோ சுப்புராயா, தவணையில குடுக்கலாம்" என்றார்.

மாசியில் சின்னதுரையே சொல்லி என் வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை வாங்கிக் கொடுத்தான். லாரியிலிருந்து மாவு மூட்டை இறக்குகிற வேலை. கப்பலில் வந்த மாவு. மூட்டைமேல் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். படிக்கத் தெரியாத எழுத்து என்றார். முதல் நாள் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர் தலைமுடி, புருவம், சட்டை எல்லாம் வெள்ளை. அழுக்கோடு வியர்வையும் போகட்டும் என்று சட்டையைக் கழற்றி வெந்நீரில் ஊற வைத்தேன். வாளியில் கை விட்டால் பசையாக ஒட்டியது. எவ்வளவு அலசியும் போகவில்லை, அப்படியே பிழிந்து கொடியில் போட்டேன். மறுநாள் அவருக்கு மத்தியானம்தான் வேலை. வெயிலில் காய்ந்த சட்டை பலகை மாதிரி விறைத்து நின்றது.

அதை மாட்டிப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இன்னாடி செல்வி, ஆபீசர் சட்டையாட்டம் கஞ்சி போட்டுக் குடுத்துட்ட?" என்றார். புயலுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நான் போடவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சட்டையோடுதான் மூட்டை தூக்கப் போனார்.